பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாமல், 'டக், டக்' என்ற ஓசை மட்டும் எழுந்து அடங்குமானால், வண்டிக்குச் சொந்தக்காரரும், வண்டியைத் தள்ளிவிட வந்த அண்டை வீட்டாரும், தெருமுனைப் பட்டறையிலிருந்து அழைத்து வரப்பட்ட மெக்கானிக்கும் ஒருவரோடொருவர் கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: பேட்டரி போய்விட்டது, புதிது போட வேண்டும். இந்த முடிவு சில சந்தர்ப்பங்களில் சரியாகவே இருந்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே வண்டியில் சில மாதங்களுக்கொரு முறை பேட்டரி இறங்கிப்போவதும், இறங்கும்தோறும் அதே தீர்ப்பு திரும்பத் திரும்ப வழங்கப்படுவதும், ஒவ்வொரு தீர்ப்புக்கும் நாலாயிரம், ஐயாயிரம் என்று குடும்பத்தின் பணம் கரைவதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடந்துவரும்போது, அந்த நம்பிக்கையைக் கண்டித்து எழுதாமல் இருப்பது கடமையில் தவறுவதாகும் என்றே கருதுகிறேன்.

பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையென்றால் கெட்டது பேட்டரிதான் என்பது அந்த நம்பிக்கை. கேட்பதற்கு அது நியாயமாகத் தோன்றலாம். ஆயினும் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கும் பிழை அதனுள் அடங்கிக் கிடக்கிறது. பேட்டரி கெட்டதனால் சார்ஜ் இறங்குவது ஒரு வகை. சார்ஜ் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்ததனால் பேட்டரி கெட்டுப்போவது மற்றொரு வகை. புதிதாக மாற்றிய பின்னும் மறுபடி மறுபடி இறங்குகிற வண்டிகளில் நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். அதைச் சந்தேகிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர், நோயாளியை மாற்றிக்கொண்டு நோயை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுகிறார்.

பேட்டரிக்குள் நிகழ்வது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டினார். இன்று நம் வண்டிகளின் பானெட்டுக்கு அடியில் இருப்பதும் தத்துவத்தில் அதுவேதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் வரிசையாக இணைக்கப்பட்டு, முழுதும் ஏறிய நிலையில் 12.6 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் காட்டுகின்றன. பேட்டரி சக்தியைச் செலவிடும்போது, ஒருபுறத் தகட்டிலுள்ள ஈய ஆக்ஸைடும் மறுபுறத் தகட்டிலுள்ள ஈயமும் அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலமோ தன் செறிவு குன்றித் தண்ணீராகிக்கொண்டே போகிறது. தாமதமின்றிச் சார்ஜ் ஏற்றினால் இந்த மாறுதல் பழையபடி திரும்பிவிடும். இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் விட்டுவிட்டாலோ, நுண்ணிய துகள்களாகப் படிந்திருந்த சல்பேட்டு பெரும் படிகங்களாக வளர்ந்து இறுகி, பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் கரைய மறுக்கிறது. தகட்டின் அந்தப் பகுதி அன்றோடு பயனற்றதாகிவிடுகிறது.

இப்போது, வண்டியின் ஏதோ ஒரு மூலையில் மின்சாரம் இரவு பகலாகக் கசிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி ஒவ்வோர் இரவும் அரைகுறையாக இறங்குகிறது. பகலில் ஓடும் சிறிது தூரத்தில் அரைகுறையாக ஏறுகிறது. முழு நிறைவை ஒரு நாளும் காணாமலே தகடுகளில் சல்பேட்டு இறுகி வருகிறது. சில மாதங்களில் கடைக்காரர் கருவியை வைத்துச் சோதித்து, 'இது உபயோகமற்றது' என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அது மெய்யாகவே கெட்டுத்தான் போயிருக்கிறது. ஆனால் அதைக் கெடுத்தது எது என்ற வினாவை அந்தக் கருவியும் எழுப்புவதில்லை, கடைக்காரரும் எழுப்புவதில்லை, பணம் கொடுப்பவரும் எழுப்புவதில்லை. புதிய பேட்டரி நிறைந்த சேமிப்போடு வந்து அமர்வதனால், கசிவு அப்படியே இருந்தபோதிலும் சில வாரங்களுக்கு வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது. 'பார்த்தீர்களா, பேட்டரிதான் கோளாறு' என்று எல்லோரும் திருப்தியடைகிறார்கள். பொய்யான பரிகாரம் சிறிது காலம் மெய்யான சுகத்தைத் தருகிறது. இந்த நம்பிக்கை இத்தனை பலமாக வேரூன்றியதற்கு அதுவே காரணம்.

வண்டியிலுள்ள பேட்டரிக்கு விதிக்கப்பட்ட வேலை யாது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பிய அக்காலத்தில், அது எதிர்த்துத் திரும்பி அடித்துக் கை எலும்பு முறிந்தவர்கள் பலர். சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார செல்ஃப் மோட்டார் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்த பிறகே அந்த ஆபத்து ஒழியத் தொடங்கியது. அது முதல் வண்டிப் பேட்டரியின் தலையாய பணி, சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தை அளிப்பதுதான். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரை மூன்று விநாடி இழுத்ததாகக் கொண்டாலும், கணக்கில் அது ஓர் ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்கே ஆகிறது. வண்டி ஓடத் தொடங்கிய ஓரிரு நிமிஷங்களில் அது திரும்ப நிரம்பிவிடும். இந்தப் பணிக்கென்றே மெல்லிய தகடுகளைப் பல அடுக்குகளாக வைத்து அமைத்த பேட்டரியால், மெதுவாகவும் நெடுநேரமாகவும் உறிஞ்சப்பட்டு அடிமட்டம் வரை வற்றிப்போகும் துன்பத்தைப் பலமுறை தாங்க இயலாது. பேருருவான செலவு அதை வாட்டுவதில்லை. கண்ணுக்குப் படாத சிறு செலவே அதைக் கொல்லுகிறது.

ஆகையால் இந்த விஷயத்தை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகவே பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் சம்பாதித்துக் கொண்டுவருகிறது. விளக்கும் விசிறியும் மற்ற சாதனங்களும் செலவழிக்கின்றன. பேட்டரி நடுவிலிருக்கும் பணப்பெட்டி. மாதக் கடைசியில் பெட்டி காலியாக இருக்கக் கண்ட குடும்பத் தலைவர், வரவு குறைந்ததா, செலவு மிகுந்ததா, கொண்டுவரும் வழியில் தொலைந்ததா என்று விசாரிக்காமல் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப்பெட்டி வாங்கிவந்தால், அவரை விவேகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு. ஆனால் அது விசாரணையின் முடிவில் தெரிய வேண்டிய செய்தியேயன்றி, விசாரணைக்கு முன்பே தீர்மானித்துவிடத்தக்கதன்று.

முதலில் செலவை எடுத்துக்கொள்வோம். வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கடிகாரம், கதவுப் பூட்டு, திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவி, எஞ்சினை ஆளும் கணினி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அந்த இயல்பான செலவுகூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய கார்களில் வழக்கமாகப் பொருத்தும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, சுமார் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பியவரின் வண்டி கிளம்பவில்லையென்றால், அங்கே எந்தக் கோளாறும் இல்லாமலும் இருக்கலாம். இனி, டிக்கியில் எரியும் 5 வாட் விளக்கு, மூடி சரியாக அழுந்தாததனால் அணையாமலே இருக்கிறதென்று கொள்வோம். அது நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணியை விழுங்கும். மூன்றரை நாளில் அதே பேட்டரி அடியோடு காலி. மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை வெளியிலிருந்து யாரும் காண முடியாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

டிக்கி விளக்கைப்போலவே கைப்பெட்டி விளக்கும், தேய்ந்த டோர் சுவிட்ச்சும், உள்ளே ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் ரிலேயும் இந்தக் குற்றத்தைச் செய்யும். இவற்றைக் காட்டிலும் நம் நாட்டில் முதலில் விசாரிக்கத்தக்கவை, வண்டி வாங்கிய பின் நாமே ஆசைப்பட்டுப் பொருத்திக்கொண்டவை: பாட்டுப் பெட்டி, அதற்கு ஆம்பிளிஃபையர், முன்புறக் காமிரா, இருப்பிடம் காட்டும் டிராக்கர், ரிமோட் பூட்டு. சாவியோடு அணைய வேண்டிய இணைப்பை, வசதிக்காகவோ அவசரத்துக்காகவோ, எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் ஒட்டிவிட்டுப் போவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வாறு 300 மில்லி ஆம்பியர் கசியும் வண்டி, தினமும் ஓடும் வரையில் ஒரு குறையும் காட்டாது. வெள்ளிக்கிழமை இரவு நிறுத்தித் திங்கட்கிழமை காலையில் எடுக்க முயலும்போதுதான், இரண்டரை நாளில் பாதிச் சக்தி போயிருப்பது வெளிப்படும். விடுமுறைக்குப் பிறகு மட்டும் கிளம்ப மறுக்கும் வண்டி எங்கே தேட வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது; கேட்கும் பொறுமைதான் நம்மிடம் இல்லை.

இதைக் கண்டறிவதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் அவசியமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எல்லாச் சாதனங்களையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை அதன் 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்க வேண்டும்; அந்நிலையில் சாவியைத் திருப்பவோ செல்ஃப் எடுக்கவோ கூடாது, திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும். இக்கால வண்டிகளிலுள்ள கணினிகள் உறங்கச் செல்வதற்குச் சில நிமிஷங்கள் முதல் அரைமணிக்கு மேலும் ஆகக்கூடும். அதுவரை கதவைத் திறக்காமல் காத்திருந்து, பிறகே அளவைக் குறிக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மிகுதியாகக் காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியைத் தொடர்ந்து சென்றால் கசிவு அகப்பட்டுவிடும். பியூஸ் எதை எடுத்தும் விழவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதனுள் மின்சாரம் திரும்பிப் பாயாதபடி தடுக்கும் டையோடுகளில் ஒன்று பழுதானால், நின்ற வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் அதன் வழியாகவே வழிந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்து வேலை. இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட மனமில்லாமல்தான் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறோம்.

இனி, வரவைப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறதென்று கொள்ளலாம். எஞ்சின் ஓடியும் அளவு 12.6-ஐத் தாண்டாமல் கீழே சரிந்துகொண்டே போகுமானால், பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் பழுதாயிருக்கலாம். 15 வோல்ட்டுக்கு மேல் ஏறி நின்றாலும் ஆபத்தே. அப்போது பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றித் தகடுகள் அரிக்கப்பட்டு, ஆயுள் வேறொரு வழியாகக் குறைகிறது. அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இந்த மின்னழுத்தத்தைக் கணினியே சமயத்துக்கேற்றபடி ஏற்றி இறக்குகிறது. அவற்றில் ஒரு கணத்து அளவைக் கண்டு தீர்ப்புச் சொல்லாமல், விளக்கையும் ஏசியையும் போட்டுச் சிறிது நேரம் கவனித்த பிறகே முடிவு செய்தல் தகும்.

வரவைப் பற்றிய மற்றொரு மூடநம்பிக்கையையும் இங்கே கண்டித்தாக வேண்டும். வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டால் பேட்டரி ஏறிவிடும் என்று பலர் நம்பி, காலைதோறும் பெட்ரோலை எரித்துத் தெருவெல்லாம் புகையை நிரப்புகிறார்கள். எஞ்சின் மந்தமாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் உற்பத்தியும் குறைவு. ஏசியும் முன்விளக்கும் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி அவற்றுக்கே போய்விடும். அதுவன்றி, ஈய பேட்டரி என்பது கடைசிப் பகுதியை மிக மெதுவாகவே ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. நன்றாக இறங்கிய பேட்டரி முழுதும் நிறையப் பல மணி நேரம் வேண்டும். அந்த நிலையில் செய்ய வேண்டியது, தனியான சார்ஜரில் ஓர் இரவு முழுதும் போட்டுவைப்பதே.

வரவும் செலவும் ஒழுங்காக இருந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள வழியைப் பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை எத்தனையோ வண்டிகளில் காண்கிறோம். அந்தப் பூப்பினாலோ தளர்ந்த பிடியினாலோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலும், 150 ஆம்பியர் ஓடும் வேளையில் அங்கேயே 1.5 வோல்ட் இழந்துபோகும். செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய பலத்தில் அது சிறு பங்கன்று. பேட்டரியிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் எர்த் கம்பி துருவேறியிருந்தாலும் இதே கதிதான். ஆல்டர்னேட்டர் கொடுக்கும் சார்ஜும் இதே தடையைக் கடந்து வர வேண்டியிருப்பதனால், பேட்டரி முழுதும் ஏறாமலே நாட்களைக் கழிக்கிறது. வெந்நீரும், ஒரு கம்பித் தூரிகையும், சிறிது பெட்ரோலியம் ஜெல்லியும் தீர்த்துவைக்கும் குறைக்காகப் புதிய பேட்டரி வாங்கப்படுவதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. புதிதைப் பொருத்துகையில் முனைகளைச் சுத்தம் செய்தே பூட்டுவதனால் வண்டி உடனே கிளம்புகிறது. அந்தப் புகழும் புதிய பேட்டரிக்கே போய்ச் சேருகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு பேட்டரியை விசாரிக்கலாம். அந்த விசாரணைக்கும் முறை உண்டு. இறங்கிக் கிடக்கும் பேட்டரியைச் சோதித்துக் கெட்டதென்று சொல்வது நியாயமாகாது. முதலில் முழுதும் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வாக வைத்து, அதன் பின்பே அளக்க வேண்டும். ஓய்விலிருக்கும் பேட்டரி 12.4 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய முக்கால் பங்கும், 12.2 காட்டினால் பாதியும், 12 காட்டினால் கால் பங்கும் இருப்பதாகக் கொள்வது வழக்கம். மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இதைவிடத் தெளிவாகப் பேசும்: ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தி ஒருசேரத் தாழ்ந்திருந்தால் அது பெரும்பாலும் வெறும் பசி, சார்ஜ் ஏற்றினால் தீரும், ஐந்து அறைகள் 1.250 காட்ட, ஓர் அறை மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் அந்த அறையில் நோய், அதற்கு மருந்தில்லை. முழுதும் ஏற்றிய பின்பும் 10.5 வோல்ட்டுக்கே திரும்பும் பேட்டரியில் ஓர் அறை செத்துவிட்டதென்று தயங்காமல் கூறலாம். செல்ஃப் எடுக்கும்போது மின்னழுத்தம் 9.6-க்குக் கீழே விழுகிறதா என்பதும் நல்ல சாட்சியே. இவ்விதம் விசாரித்துக் குற்றம் நிரூபணமான பேட்டரியைத் தாராளமாக மாற்றலாம். என் கண்டனம் மாற்றுவதைப் பற்றியதன்று, விசாரிக்காமல் மாற்றுவதைப் பற்றியது.

எதிர்த்தரப்பாருக்கும் வாதங்கள் உண்டு. அவற்றை அலட்சியப்படுத்துவது நேர்மையாகாது. நம் நாட்டு வெயிலில் பேட்டரிகள் விரைவில் சாகத்தான் செய்கின்றன என்பது ஒரு வாதம். உண்மையே, வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையார் ஒப்புக்கொண்ட கணக்கு, பானெட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெயில் ஆண்டுக்கணக்கில் கொல்லும்; மாதக்கணக்கில் கொல்லுவது வெயிலன்று. மூன்று, நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி ஓய்ந்தால் வெயிலையும் வயதையும் காரணம் காட்டலாம்; ஆறு மாதத்தில் இரண்டாவது பேட்டரியும் இறங்கினால் அந்தக் காரணம் செல்லாது. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அரைநாள் வண்டி நின்றாலே வருமானம் போய்விடும், ஆராய்ந்துகொண்டிருக்க நேரமேது என்பது மற்றொரு வாதம். அவருடைய கஷ்டத்தை நான் உணர்கிறேன். அந்தக் கஷ்டத்துக்காகவே சொல்கிறேன். விடியற்காலையில் விமான நிலையத்துக்குச் சவாரி ஒப்புக்கொண்டு, புதிய பேட்டரியை நம்பி உறங்கி, எழுந்து பார்க்கும்போது வண்டி மறுபடியும் ஊமையாக நின்றால் அவர் இழப்பது அரைநாள் மட்டுமா? பணத்தோடு வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் அல்லவா இழக்கிறார்? உத்தரவாதம் இருக்கிறதே, இலவசமாக மாற்றித் தருவார்களே என்பது மூன்றாவது வாதம். உத்தரவாதம் பேட்டரிக்குத்தான், கசிவுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மாற்றித் தந்த பேட்டரியையும் அதே கசிவு அதே விதமாகவே தின்னும்.

காரணம் தேடாத மனப்பான்மை சோதனையின் பெயராலும் சில தீமைகளைச் செய்து வருகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நலம் என்று முடிவு கட்டுவது அவற்றுள் மிகக் கொடியது. விளக்கையும் ஹாரனையும் தவிர வேறு மின்சாதனம் அதிகமில்லாத பழைய வண்டிகளில் இது உடனடியாகச் சேதம் விளைவிக்காமல் போயிருக்கலாம். கணினிகளால் ஆளப்படும் இன்றைய வண்டியிலோ, பேட்டரியின் தாங்குதல் திடீரென்று நீங்கும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுகளுக்குத் தாவி எழக்கூடும்; ஆல்டர்னேட்டரின் டையோடுகளும், விலையுயர்ந்த கணினியும் அந்த ஒரு கணத்தில் நாசமாகலாம். அதைத் தவிர, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது; அதன் அருகில் எழும் தீப்பொறி பேட்டரியையே வெடிக்கச் செய்து, அமிலத்தை முகத்தில் வாரி இறைக்கும். அவ்வாறே, தண்ணீர் வற்றிய பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதற்குப் பதிலாக அமிலத்தை ஊற்றி 'பலப்படுத்துவதும்' தவறு. வற்றியது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது, மேலும் ஊற்றும் அமிலம் தகடுகளை அரிக்கவே உதவும்.

பணத்தையும் யந்திரத்தையும் பற்றி இவ்வளவு சொன்னேன். இவற்றினும் பெரிய ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் கூட்டுப்பொருள்களுமே. நாம் அவசரப்பட்டுத் தூக்கி எறியும் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உடைக்கப்பட்டு உருக்கப்பட வேண்டும். முறையான ஆலையில் பாதுகாப்போடு உருக்கினால் அந்த ஈயம் மறுபடியும் பேட்டரியாகும். கொல்லைப்புறத்தில் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் அது புகையாகவும் தூசியாகவும் பக்கத்துக் குழந்தைகளின் உடம்பில் போய்ச் சேருகிறது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேர் வரை, இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறதென்றும், முறையற்ற பேட்டரி உருக்குதல் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றென்றும் யுனிசெஃப் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறியது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் இந்த விஷத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டுமென்று இந்திய அரசு 2001-ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 2022-ஆம் ஆண்டிலும் விதிகள் செய்திருக்கிறது. விதிகள் அவசியமே, ஆயினும் இன்னும் இரண்டாண்டு உழைக்கக்கூடிய பேட்டரியை, சோதிக்கச் சோம்பி, குப்பைக்கு அனுப்பாமலிருக்கும் விவேகத்தை எந்த விதியும் நமக்குப் புகட்ட முடியாது.

இத்தகைய விஞ்ஞானம் நமக்கு அந்நியமானதும் அன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அங்கே ஆராயப்படும் விஷயங்களில் பேட்டரிகளுக்குச் சிறப்பான இடமுண்டு. அறிவுக்கு இவ்வளவு பெரிய தானம் செய்த நாட்டில், அதே அறிவின் மிக எளிய பாடமாகிய அளந்து பார்த்தலை நம் பட்டறைகளும் வீடுகளும் ஏற்றுக்கொள்ளாதிருப்பது பெருங்குறை. பட்டறைத் தொழிலாளரின் கைத்திறமையை நான் குறைத்து மதிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் குறையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். ஆனால் மின்சாரத்துக்குச் சத்தமில்லை, வாசனையில்லை. அளவுக் கருவியின்றி அதை அறிய முயல்வது அனுமானமேயாகும். அந்த ஒரு மணி நேர ஆராய்ச்சிக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுக்க வண்டிக்காரர்களும் பழக வேண்டும்; பொருளுக்குப் பணம் கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம் என்ற மனப்பான்மை இருக்கும் வரையில், தொழிலாளரும் பொருளை மாற்றித்தான் பிழைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, அடுத்த முறை 'பேட்டரி போய்விட்டது' என்ற தீர்ப்பைக் கேட்கும் ஒவ்வொருவரும், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் மூன்று எண்களைக் கேட்டுப் பெற வேண்டும்: வண்டி பூட்டி நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் வெளியே போகிறது? எஞ்சின் ஓடும்போது முனைகளில் எத்தனை வோல்ட் நிற்கிறது? முழுதும் சார்ஜ் ஏற்றிய பின் செல்ஃப் எடுக்கையில் எத்தனை வோல்ட்டுக்கு இறங்குகிறது? இந்த மூன்றையும் சொல்லக்கூடியவர் மாற்றச் சொன்னால் தயங்காமல் மாற்றலாம். இவற்றைச் சொல்ல இயலாதவர், எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவராயினும், அவருடைய சொல்லை நம்பிப் பேட்டரி வாங்கக் கூடாது.